அண்ணையின் கணினி இரண்டாம் திரையான கதை

என் மூத்த அண்ணை இலண்டனிலிருந்து அந்தக் கணினியைக் கைப்பொதியாகவே கொண்டுவந்தார். பெட்டிகளோடு போட்டால் உடைத்துவிடுவார்கள் என்று விமான நிலையத்தில் யார் யாரோடோ வாதாடி, போர்வையில் சுற்றி, கால்களுக்கு நடுவில் வைத்துக்கொண்டு வந்ததாகச் சொன்னார். எங்கள் கொக்குவில் வீட்டு ஹோலில் அவர் அந்தப் போர்வையை அவிழ்த்தபோது நானும் கணவரும் எழுந்து நின்றோம். ஏன் எழுந்தோம் என்று இன்றுவரை தெரியவில்லை. வெள்ளை நிறம், அகன்ற திரை. கீழே தனிப்பெட்டி கிடையாது. கணினி முழுவதும் அந்தத் திரையின் முதுகுக்குள்ளேயே அடங்கியிருந்தது.

"இனி உங்களுக்கு ஒரு குறையும் இல்லை," என்றார் அண்ணை. அதற்கு முன்பு எங்களுக்கு என்ன குறை இருந்தது என்று கேட்க எங்களுக்குத் தோன்றவில்லை.

முதல் இரண்டு வருடம் அது ஒழுங்காக வேலை செய்தது. பிறகு சோம்பல் பிடித்தது. காலையில் பொத்தானை அழுத்திவிட்டு, தேத்தண்ணி ஊற்றி, குடித்து, கோப்பையைக் கழுவி வைத்துவிட்டு வந்தால், அது அப்போதுதான் எனக்கு நல்வரவு சொல்லிக்கொண்டிருக்கும். நான்காம் வருடம் நல்வரவும் நின்றுபோனது. நான் அதற்கு ஒரு பூவேலைத் துணி பின்னிப் போட்டேன். அண்ணை கைபேசிக்கு வீடியோவில் அழைக்கும்போது மட்டும் துணியை எடுத்துவிட்டு, அதற்கு முன்னால் கதிரையைப் போட்டு உட்கார்ந்து கதைப்போம். எங்கள் தலைகளுக்கு மேலால் தன் பரிசு நிமிர்ந்து நிற்பதை அவர் பார்ப்பார். ஓடுகிறதா என்று கேட்பார். ஓம், ஓடுகிறது என்போம். மூன்று தலைமுறையாக மிஷன் பள்ளிக்கூடத்தில் படித்த குடும்பம் எங்களுடையது. பொய் சொல்லக்கூடாது என்று நன்றாகவே படிப்பித்திருந்தார்கள். இலண்டன் கந்தோரில் மனேஜராக இருக்கும் மூத்த அண்ணனிடம் உண்மை சொல்வது எப்படி என்பது பாடத்திட்டத்தில் இருக்கவில்லை.

இதற்கிடையில் எனக்கு ஒரு வேலை கிடைத்தது. கொழும்பில் உள்ள ஒரு மொழிபெயர்ப்புக் கந்தோருக்காக, மருந்துப் பெட்டிகளுக்குள் எட்டாக மடித்து வைக்கும் தாள்களை ஆங்கிலத்திலிருந்து தமிழாக்கும் வேலை. அந்தத் தாள்களை உலகத்தில் யாரும் விரித்துக்கூடப் பார்ப்பதில்லை என்பதால் மிகுந்த பொறுப்போடு செய்தேன். என் மடிக்கணினியின் திரையோ ஒரு சாப்பாட்டுத் தட்டின் அளவு. அதில் பாதி ஆங்கிலம், பாதி தமிழ். ஒருநாள் வரி மாறிப்போய், சாப்பாட்டுக்கு முன் எடுக்க வேண்டிய மாத்திரையைப் பின் எடுக்கச் சொல்லிவிட்டேன். சரிபார்ப்பவர் கண்டுபிடித்து மிக மரியாதையான ஒரு கடிதம் அனுப்பினார். அவர் திட்டியிருந்தால் எனக்கு இவ்வளவு வலித்திருக்காது. அன்று மாலையே, எனக்கு இரண்டாவது திரை ஒன்று வேண்டும் என்று கணவரிடம் சொன்னேன்.

கணவர் கோப்பாயில் ஒரு பள்ளிக்கூடத்தில் பௌதிகம் படிப்பிக்கிறார். மின்சாரம் சம்பந்தப்பட்ட எதையும் தனக்கு நேரடியாக அறிமுகமான ஆள்போலவே கருதுவார். "இவ்வளவு பெரிய ஸ்கிரீனை வீட்டிலை வைச்சுக்கொண்டு ஆரும் இன்னொண்டு வாங்குவினமோ?" என்று பூவேலைத் துணியைக் காட்டினார். அதே கிழமை அண்ணையும் அடுத்த மாதம் விடுமுறைக்கு வருவதாகச் செய்தி அனுப்பினார். ஆறு கிழமை, ஒன்றரை மாதம், நிற்பாராம். இனிப் பேச்சுக்கே இடமில்லை. செத்த கணினி ஒரு மாதத்துக்குள் உயிர்த்தெழ வேண்டும்.

கணவர் அதன் பின்பக்கத்தை ஆராய்ந்து, எச்டிஎம்ஐ துளை ஒன்று இருப்பதைக் கண்டு, வேலை முடிந்ததென்று அறிவித்தார். யாழ்ப்பாண ரவுணுக்குப் போய் ஒரு வயர் வாங்கிவந்து, ஒரு முனையை என் மடிக்கணினியிலும் மறுமுனையை அதிலும் செருகினார். திரை கறுப்பாகவே இருந்தது. வயர் பிழை என்றார். இன்னொரு வயர் வந்தது. அதுவும் பிழை. மூன்றாவதாக வந்த நீளமான, தங்க நிற முனை வைத்த வயரும் பிழை என்று தெரிந்தபோது, யாழ்ப்பாணத்தில் நல்ல வயரே கிடையாது என்ற முடிவுக்கு வந்தார். நான் அலுமாரியிலிருந்து கணினியின் கையேட்டை எடுத்து வாசித்தேன். யாரும் வாசிக்காத தாள்களை வாசிப்பதுதானே என் தொழில். அந்தத் துளை படத்தை வெளியே அனுப்புவதற்கு மட்டும் என்று மூன்றாம் பக்கத்திலேயே தெளிவாக எழுதியிருந்தது. கணவர் அந்தப் பக்கத்தை இரண்டு தரம் வாசித்துவிட்டு, அச்சுப்பிழையாக இருக்கலாம் என்றார்.

கடைசியில் அதை மறுபடியும் போர்வையில் சுற்றி, ஓட்டோவில் ஏற்றி, ரவுணில் கணினி திருத்தும் கடைக்குக் கொண்டுபோனோம். கடைக்காரர் வயரைக்கூடத் தொடவில்லை. பார்த்த பார்வையிலேயே சொன்னார்:

"சேர், இது சொல்லத்தான் தெரிஞ்ச சாமான். கேக்கத் தெரியாது."

கணவர் என்னைப் பார்த்தார். நான் தெருவைப் பார்த்தேன்.

இரண்டு வழி இருப்பதாகக் கடைக்காரர் விளக்கினார். ஒன்று, கண்ணாடியைக் கழற்றி, உள்ளே இருக்கும் கணினியை எடுத்துவிட்டு, திரைக்கென்றே செய்த சிறிய பலகை ஒன்றைப் பூட்டுவது. அப்போது அது வெறும் திரையாகிவிடும், வயரும் வேலை செய்யும். ஆனால் கண்ணாடி வெடித்தால் தான் பொறுப்பில்லை. மற்றது, உள்ளே பதிந்திருப்பதையெல்லாம் அழித்துவிட்டு, வீட்டு வைஃபைப் பெட்டி வழியாக என் மடிக்கணினியின் படத்தை வாங்கிக் காட்டும் ஒரேயொரு வேலையை மட்டும் அதற்குக் கொடுப்பது. கணவர் இரண்டாவதைத் தேர்ந்தெடுத்தார். அண்ணை வரும்போது கண்ணாடி முழுதாக இருக்க வேண்டும் என்பதில் நாங்கள் இருவரும் ஒரே கருத்து.

அது வேலையும் செய்தது. வைஃபைப் பெட்டியிலிருந்து இழுத்த வயர் சாப்பாட்டு மேசை வரைக்கும்தான் எட்டியது. எனவே பெரிய திரை மேசையின் ஒரு முனையில் நின்றது, நான் பக்கத்தில் மடிக்கணினியோடு அமர்ந்தேன். ஒரு குறை: இங்கே நான் செய்வது அங்கே ஒரு விநாடி கழித்துத்தான் தெரியும். மவுஸை நகர்த்தினால், அது யோசித்துவிட்டு நகரும். மருந்துத் தாளுக்கு அது போதும், தாள் எங்கும் ஓடிப்போகாதே. என் கண்ணுக்கு வசதியாக எழுத்தை இரண்டு மடங்கு பெரிதாக்கிக்கொண்டேன். கணவர் ஆசிரியர் அறையில் இதைப் பற்றி இரண்டு நாள் விரிவுரை நடத்தினார் என்று கேள்விப்பட்டேன். மூன்று வயர்கள் பற்றிய பகுதி அதில் இடம்பெறவில்லை.

அண்ணை வந்தார். வந்த அன்றே கிணற்றுத் தண்ணீரில் உப்பு, மின்விசிறியில் சத்தம், வாசல் படியில் ஒரு அங்குலம் கூட என்று வீட்டின் குறைகளைக் கணக்கெடுத்தார். கணினி முன்னால் மட்டும் நின்று தலையாட்டினார். தன் சாமான் ஏழு வருடத்துக்குப் பிறகும் தங்கையின் தொழிலுக்கு உதவுகிறதென்று வந்த ஒவ்வொருவரிடமும் சொன்னார். மாமி முறையான ஒருவர் அதைத் தொட்டுக்கூடப் பார்த்தார். நான் சிரித்துக்கொண்டு தேத்தண்ணி கொடுத்தேன்.

இரண்டு கிழமை சிரித்தபின் வாய் நொந்தது. அதனால் மெல்பேணில் இருக்கும் அக்காவுக்கு வட்ஸ்அப்பில் எழுதத் தொடங்கினேன். அக்காவும் அண்ணையின் பரிசுகளில் அனுபவம் உள்ளவர். ஒரு காலை, அண்ணை இடியப்பமும் சொதியுமாகச் சாப்பாட்டு மேசையில் இருந்தார். நான் வேலை செய்வதுபோல் வேகமாகத் தட்டிக்கொண்டிருந்தேன். முந்தின நாள் வட்ஸ்அப் பெட்டியைப் பெரிய திரைக்கு இழுத்து வைத்திருந்தேன். மடிக்கணினி அதை மறக்கவில்லை, நான் மறந்துவிட்டேன். விசைப்பலகையைப் பார்த்துத் தட்டுவது என் பழக்கம். நான் எழுதியது இது:

"மூண்டு வருசம் செத்துக் கிடந்த சாமான். இப்ப ஊரெல்லாம் சொல்லித் திரியிறார். அவையின்ரை கந்தோர்லை கழிச்சு எறிஞ்சதுதான். பின்பக்கத்திலை ஸ்டிக்கர் சுறண்டின அடையாளம் இப்பவும் கிடக்கு."

ஒவ்வொரு எழுத்தும் ஒரு விநாடி தாமதித்து, இரண்டு மடங்கு பெரிதாக, அண்ணையின் இடியப்பத் தட்டுக்கு நேரே வந்து விழுந்துகொண்டிருந்தது. அக்காவின் பதிலும் அங்கேயே வந்தது: "அண்ணைக்குச் சொல்லிப்போடாதை, பாவம்." கூடவே ஆறு சிரிக்கும் முகங்கள்.

இடியப்பம் பிசையும் சத்தம் நின்றதால் நிமிர்ந்தேன். அண்ணை திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் பெட்டியை மூடினேன். அந்த ஒரு விநாடி முழுவதும் அது மூடாமல் நின்றது.

"சுரண்டினதுக்குச் சின்ன ர," என்றார் அண்ணை. "நீ பெரிய ற போட்டிருக்கிறாய்."

என் காது சுட்டது. மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். அவர் கையைக் காட்டி நிறுத்தினார். எங்களோடு கதைக்கும் உரத்த குரல் அது அல்ல, தாழ்ந்த குரலில் சொன்னார்:

"கழிச்ச சாமான்தான், பிள்ளை. சுரண்டினது நான்."

பிறகு கதையைச் சொன்னார். அவர் அந்தக் கந்தோரில் மனேஜர் இல்லை. எந்தக் காலத்திலும் இருக்கவில்லை. கந்தோர் மாடி மாறும்போது மேசை, கதிரை, கணினி எல்லாவற்றையும் கழற்றி, ஏற்றி, இறக்கிப் பூட்டுவதுதான் அவருடைய வேலை. ஒருமுறை வெள்ளைக் கணினிகளை மொத்தமாகக் கழித்தார்கள். ஒன்றைத் தனக்குத் தரும்படி கேட்டு, கையெழுத்து வைத்து வாங்கினார். தன் அறையில் வைத்துத் திறந்து, தூசி தட்டி, தமிழ் எழுத்துகளைப் போட்டு, நாளுக்கு ஒரு மணித்தியாலம் ஓடவிட்டுப் பார்த்தார். அந்த நாள்களில் நான் தொலைபேசியில், தமிழில் தட்டெழுதப் பழக வேண்டும் என்று ஒருமுறை சொல்லியிருந்தேனாம். எனக்கு அது நினைவில்கூட இல்லை.

ஏன் இதையெல்லாம் முன்பே சொல்லவில்லை என்று கேட்டேன். கேட்கும்போதே அந்தக் கேள்வி எவ்வளவு அசட்டுத்தனமானது என்று விளங்கியது.

"எப்பிடிச் சொல்லுறது? மனேஜர் எண்டு நான் ஒருநாளும் சொல்லேல்லை. நீங்கள்தானே சேர்ச்சிலை எழும்பி நிண்டு எனக்கு ப்ரமோஷன் கிடைச்சதெண்டு ஸ்தோத்திரம் பண்ணினனியள்."

உண்மை. எழுந்து நின்றவள் நான்தான். அண்ணை, கந்தோரில் தன்னை மேல்மாடிக்கு மாற்றிவிட்டார்கள் என்று ஒருநாள் எழுதியிருந்தார். மேல்மாடி என்றால் பதவி என்று முடிவெடுத்து, இரண்டு ஞாயிறு நன்றி செலுத்தியிருந்தேன். அங்கே அவர் மேசை தூக்கப் போயிருக்கிறார்.

மீதி இடியப்பத்தைச் சாப்பிட்டு முடித்துவிட்டு, அந்த ஒரு விநாடித் தாமதத்தோடு எப்படி வேலை செய்கிறாய் என்று கேட்டார். கடைக்காரர் சொன்ன முதல் வழியைச் சொன்னேன். அவர் கை கழுவிவிட்டு வந்து, திரையின் ஓரத்தை விரலால் தடவிப் பார்த்தார்.

சனிக்கிழமை காலை அதை ஒரு துவாயின் மேல் படுக்கவைத்தார். கணவர் டோர்ச் பிடித்தார். பௌதிக ஆசிரியர் டோர்ச் பிடித்து நான் பார்த்தது அதுதான் முதல்முறை. அண்ணை பழைய பிளாஸ்டிக் போன் காட் ஒன்றை விளிம்பில் செருகி, கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தினார். அவசரமேயில்லை. கண்ணாடி ஒரு சின்னச் சத்தத்தோடு முழுதாக எழுந்து வந்தது. எங்கள் வீட்டில் ஏழு வருடம் அதிகாரம் பண்ணிய அண்ணையின் கைகள் இவ்வளவு மெதுவானவை என்று எனக்குத் தெரிந்திருக்கவில்லை. திரையின் முதுகில் இருந்த இலக்கத்தைக் கடைக்காரருக்கு அனுப்பினோம். பத்து நாளில் கொழும்பிலிருந்து பலகை வந்தது. அண்ணை அதைப் பூட்டினார். கணவர் உதவி செய்கிறேன் என்று நாடா வயர் ஒன்றை இழுத்ததால், திரையின் இடது ஓரத்தில் மேலிருந்து கீழாக ஒரு பச்சைக் கோடு வந்தது. அதுவும் பலகையின் பிழைதான் என்று கணவர் சொல்கிறார்.

தாமதம் போய்விட்டது. முதல் நாளே ஐந்து தாள் முடித்தேன். நடந்ததை அக்காவுக்கும் எழுதினேன். அந்தமுறை நிமிர்ந்து உட்கார்ந்து, திரையைப் பார்த்துத்தான் தட்டினேன். அக்கா சிரிக்கும் முகம் எதுவும் அனுப்பவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, தனக்கு அண்ணை அனுப்பிய மேசை விளக்கை இன்னும் எறியவில்லை என்று மட்டும் எழுதினார்.

அண்ணை புறப்படுவதற்கு முந்தின ஞாயிறு சேர்ச் முடிந்து நிற்கும்போது, போதகரின் மனைவி வந்து, மனேஜர் வேலை எப்படிப் போகிறது என்று அவரிடம் விசாரித்தார். அண்ணை என்னைப் பார்த்தார். பூசி மெழுகுவதற்கு நல்ல சந்தர்ப்பம், எனக்கோ அதில் நீண்டகாலப் பயிற்சி.

"அண்ணை மனேஜர் இல்லை," என்றேன். "நான்தான் பிழையாச் சொன்னனான். கொம்பியூட்டர், மேசை, எல்லாம் கழட்டிப் பூட்டுற வேலை. நல்லாச் செய்வார்."

போதகரின் மனைவியின் முகம் சுருங்கும் என்று எதிர்பார்த்தேன். மாறாக அது மலர்ந்துவிட்டது. மண்டபத்தில் இரண்டு கணினியும், பாட்டு வரிகளைச் சுவரில் காட்டும் புரொஜெக்டரும் கிறிஸ்மஸிலிருந்து பழுதாகிக் கிடக்கின்றனவாம். மனேஜரிடம் கேட்க இத்தனை வருடம் கூச்சமாக இருந்ததாம்.

விடுமுறையின் கடைசி நாளை அண்ணை சேர்ச் மண்டபத்தில் தரையில் உட்கார்ந்து கழித்தார். நான் மத்தியானம் சாப்பாடு கொண்டுபோனபோது சட்டையைக் கழற்றிக் கதிரையில் போட்டுவிட்டு, பெனியனோடு, வாயில் இரண்டு திருகாணியைக் கடித்துக்கொண்டிருந்தார். சோற்றுப் பெட்டியை அங்கே வை என்று கண்ணால் காட்டினார். ஆணிகளை எடுத்ததும் சொன்னார், மண்டபத்து மின்விசிறியிலும் சத்தமாம்.