பட்டாணி மீனுக்கு ஒருசந்தி

கடைக்காரர் அதை 'பீ பஃபர்' என்று சொல்லித்தான் விற்றார். பெங்களூரிலிருந்து ரயிலில் மடியில் வைத்துக் கொண்டுவந்த மூன்று மீன்களையும் அம்மாவிடம் காட்டி, நானும் அதே பெயரைச் சொன்னேன்.

"சீ, சோறு துன்ற வூட்ல இன்னா வார்த்தடா அது?"

ஆங்கிலத்தில் பீ என்றால் பட்டாணி என்று விளக்கி, 'பட்டாணி மீன்' என்று நானே ஞானஸ்நானம் கொடுத்தேன். பட்டாணி அளவில் இருப்பதால் வந்த பெயர் என்பதை மட்டும் சொல்லவில்லை. வினை அங்கேதான் பிடித்தது.

இந்த மீன்கள் பெரிய இடத்துப் பிள்ளைகள். டப்பாவில் விற்கும் தீனியைத் திரும்பியும் பாரா. உயிருள்ள நத்தை வேண்டும், இல்லாவிட்டால் உறைய வைத்த ரத்தப்புழு. புழுவை ஐஸ்கிரீம் டப்பாவில் போட்டு ஃப்ரீஸரில் வைத்திருந்தேன்.

சாம்பல் புதன் வந்தது. தவக்காலம் முடியும்வரை எங்கள் வீட்டில் கறி கிடையாது. மீன் உண்டு. வெள்ளிக்கிழமை ஒருசந்தி, ஒருவேளைச் சாப்பாடுதான், அன்றைக்கு மீனும் கிடையாது. ஃப்ரீஸரைச் சுத்தம் செய்த அம்மா டப்பாவைத் திறந்தாள். சிவப்பாக ஏதோ இருந்தது, கறி என்று குப்பைக்குப் போனது.

விடிகாலையில் எங்கள் ஊரிகம் ஸ்டேஷனில் பெங்களூர் வேலைக்கு ரயிலைப் பிடித்தால் இருட்டிய பிறகுதான் நான் வீடு திரும்புவேன். பகலெல்லாம் மீன்களுக்கு அம்மாதான் ஆண்டவர். ஆண்டவர் பட்டாணியை வேகவைத்து, தோலுரித்து, நசுக்கிப் போட்டாள்.

"பேரே பட்டாணி மீனு. பட்டாணி துன்னாம பின்ன இன்னாத்த துன்னும்?"

இந்த மீனுக்கு இரண்டு கண்ணும் தனித்தனியாகச் சுழலும். ஒரு கண்ணால் பட்டாணியையும் மறு கண்ணால் அம்மாவையும் பார்த்துவிட்டு, மூன்றும் மூலைக்குப் போய்விட்டன.

வேறு ரத்தப்புழு வாங்கி வருகிறேன் என்றேன். புழு கறியில்லை என்றும் வாதாடினேன்.

"ரத்தம்னு பேரு வெச்சிக்கினு கறி இல்லன்றியா? ஈஸ்டர் வரைக்கும் உள்ள வராது."

பெயரை வைத்து அம்மாவிடம் ஜெயிக்க முடியாது என்று புரிந்தது. அதற்குள் சின்ன மீனின் வயிறு ஒட்டிப்போய்விட்டது. எதிரே வந்ததையெல்லாம் கடித்துத் துரத்திய ரவுடி, தொட்டித் தரையில் படுத்தே கிடந்தது. எனக்குப் பயமாக இருந்தது. "நத்தையாவது போடலாமா?" என்று கெஞ்சினேன். அம்மா யோசித்தாள். நத்தை தண்ணீரில் இருக்கிறது, ஆகவே மீன் கணக்கு என்று தீர்ப்பு வந்தது. போப்பாண்டவரைக்கூடக் கேட்கவில்லை.

வெள்ளிக்கிழமை சிலுவைப்பாதை முடிந்து, தீர்த்த பாட்டிலோடு கோயிலிலிருந்து வந்தாள். பக்தியோடு கை நீட்டி வாங்கினேன். உள்ளே நத்தைகள் ஊர்ந்துகொண்டிருந்தன.

"கோயில் மாதா கெபித் தண்ணித் தொட்டில நெறைய கீது. இன்னிக்கு ஒருசந்தி. நாளைக்குப் போடலாம்."

"சின்னது நாளைக்கு இருக்காதும்மா." சொல்லிவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். நகத்தளவு மீனுக்காக, இந்த வயதில்.

அம்மா என்னைப் பார்த்தாள், தொட்டியைப் பார்த்தாள். மூடியைத் திறந்து ஒரு நத்தையைப் போட்டாள். "ஒடம்பு முடியாதவங்களுக்கு ஒருசந்தி கெடையாது."

சின்னது எழுந்து வந்தது. ஒரு கண்ணால் நத்தையை அளந்து, 'டக்'கென்று கவ்வியது. எனக்கு உயிர் வந்தது. கூடவே பசியும் வந்தது.

"எனக்குங்கூட ஒடம்பு சரியில்லம்மா."

அம்மா நெற்றியைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை.

"வேகவெச்ச பட்டாணி மீந்து கீது. போட்டுக்க."