வாசனை போன பிறகு செய்த பாஸ்தா

மாமல்லபுரத்தில் கடலை ஒட்டிய ஒரு சின்ன உணவகத்தில் பதினொரு வருஷம் சமையல்காரனாக இருந்தேன். மொட்டைமாடியில் எட்டு மேசை. வருகிறவர்களில் பாதிப் பேர் வெளிநாட்டுக்காரர்கள். எல்லாம் சமைப்பேன் என்றாலும் என்னைத் தேடி வந்து கேட்டது ஒன்றைத்தான். முழுக் கோதுமை மாவில் கையால் செய்த பாஸ்தா, அதில் பேசில் இலையை இடித்துப் பிரட்டிய பெஸ்டோ. பேசில் நம்முடைய திருநீற்றுப்பச்சிலைக்குச் சொந்தம். துளசியின் காட்டம் இருக்காது. கொஞ்சம் கிராம்பு, கொஞ்சம் சோம்பு கலந்த மாதிரி ஒரு மணம். அந்த மணம் இல்லையென்றால் அது வெறும் பச்சைச் சாந்து. இலை பதமாக நசுங்கிவிட்டதா, பூண்டு கூடிவிட்டதா என்பதையெல்லாம் நாக்கில் வைக்காமலே சொல்லிவிடுவேன்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு நாள், மதிய வேலை முடித்து நெம்மேலியில் இருக்கும் வீட்டுக்கு வண்டியில் வந்துகொண்டிருந்தேன். ஈ.சி.ஆரில் மாடு குறுக்கே வந்தது. ஹெல்மெட்டின் வாரை நான் மாட்டியிருக்கவில்லை. விழுந்த வேகத்தில் அது ஒரு பக்கம் உருள, என் பின்மண்டை ரோட்டில் அடித்தது. செங்கல்பட்டு ஆஸ்பத்திரியில் பன்னிரண்டு நாள் கிடந்தேன். கை கால் விளங்கியது, பேச்சு வந்தது. தப்பித்தது பெரிய விஷயம் என்றார்கள் எல்லோரும்.

வீட்டுக்கு வந்த அன்று சமையலறை வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தேன். உள்ளே எண்ணெய் பொரியும் சத்தம் கேட்டது. அப்பளம் என்று நினைத்தேன். மனைவி தட்டைக் கொண்டுவந்து வைத்தபோதுதான் பார்த்தேன், வறுத்த சங்கரா மீன். மீனவக் குப்பத்தில் பிறந்து வளர்ந்தவன், மூன்றடி தூரத்தில் மீன் வறுபடுவது தெரியாமல் உட்கார்ந்திருக்கிறேன்.

மறுபடி செங்கல்பட்டுக்குப் போனோம். “அடி பட்டதுல மூக்குலேர்ந்து மூளைக்குப் போற நரம்பு அறுந்திருக்கும். சில பேருக்கு ஒரு வருஷத்துக்குள்ள வாசனை திரும்ப வரும். பாக்கலாம்” என்றார் டாக்டர்.

உணவகத்தில் யாரிடமும் சொல்லாமல் வேலைக்குத் திரும்பினேன். உப்பும் புளிப்பும் நாக்குக்குத் தெரிந்தன. பூண்டு சிவப்பதைக் கண்ணால் பார்த்தேன், பால் காய்வதற்குக் கடிகாரம் பார்த்தேன். நாலு மாதம் ஓட்டினேன். பிறகு ஒரு மதியம் இறாலை வதக்கிக்கொண்டிருந்தபோது முதலாளி உள்ளே வந்தான். அவனும் நானும் ஒன்றாகப் பள்ளிக்கூடம் போனவர்கள். வந்தவன் மூக்கைப் பொத்திக்கொண்டான்.

“இன்னா மச்சான் இது? அழுகிப்போன எறாவ வதக்கிகினு கீற! உனுக்குத் தெரியல?”

அப்போதுதான் உண்மையைச் சொன்னேன். அவன் அடுப்பை அணைத்துவிட்டு இறாலைக் குப்பையில் கொட்டினான். திட்டியிருந்தால்கூடத் தேவலை.

“வூட்ல இரு மச்சான். அடுத்த சீசனுக்கு வா. உன் கோதுமை பாஸ்தாவ மட்டும் ஒரு தபா செஞ்சி காட்டு. அது சரியா வந்துச்சின்னா அடுப்பு உன்னுதுதான்.”

அந்த வார்த்தையைப் பிடித்துக்கொண்டு பத்து மாதம் வீட்டில் இருந்தேன். மாடியில் பெயிண்ட் வாளியில் பேசில் வளர்த்தேன். உப்புக்காற்றில் இலை கருகும் என்று தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் மறைத்து வைத்தேன். டாக்டர் சொன்ன ஒரு வருஷம் தாண்டிப்போயிருந்தது. நான் அதைப் பற்றி வீட்டில் பேசவில்லை. மனைவியும் கேட்கவில்லை.

சீசன் தொடங்குவதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை, முதலாளிக்குச் செய்து காட்டுவதற்கு முன்னால் வீட்டில் ஒருமுறை செய்து பார்க்கலாம் என்று இறங்கினேன். மில்லில் அரைத்த கோதுமை மாவைச் சலிக்காமல் கொட்டி, நடுவில் குழி பறித்து முட்டைகளை உடைத்து ஊற்றிப் பிசைந்தேன். ஈரத்துணி போட்டு மூடி அரைமணி நேரம் விட்டேன். தவிடு இருக்கிற மாவு, மெல்லிசாகத் தேய்த்தால் கிழியும். சப்பாத்திக் கட்டையை அழுத்தாமல் உருட்ட வேண்டும். கிழியவில்லை. மடித்து ரிப்பன் ரிப்பனாக வெட்டிப் பிளாஸ்டிக் நாற்காலியின் முதுகில் தொங்கவிட்டேன். மகளுக்கு அப்போது ஒன்பது வயது. அவள் கைகொட்டிச் சிரித்தாள். கை எதையும் மறக்கவில்லை என்று எனக்கு ஒரு தெம்பு வந்தது.

மிக்ஸியில் போட்டால் சூட்டில் இலை கறுத்துவிடும். கல் உரலில் பூண்டையும் உப்பையும் இடித்து, முந்திரி போட்டு, இலையைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்தேன். சீஸைத் துருவிப் போட்டேன். அலமாரியில், விபத்துக்கு முன்னால் முதலாளி கொடுத்த ஆலிவ் எண்ணெய் பாதி பாட்டில் இருந்தது. அதை ஊற்றிக் குழைத்தேன். அப்போது மனைவி வாசலில் வந்து நின்றாள். பாட்டிலைப் பார்த்தாள், என் முகத்தைப் பார்த்தாள், வெளியே போய்விட்டாள். விழுதை நாக்கில் வைத்தேன். லேசாகக் கசந்தது. நல்ல ஆலிவ் எண்ணெயும் தொண்டையில் அப்படிப் பிடிக்கும் என்று சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

பாஸ்தாவை வேகவைத்து, அந்தத் தண்ணீரில் இரண்டு கரண்டி விட்டு விழுதோடு பிரட்டி மூன்று தட்டில் வைத்தேன். பார்க்க அவ்வளவு அழகாக இருந்தது. மனைவி தலையைக் குனிந்துகொண்டு வேகவேகமாகச் சாப்பிட்டாள். மகள் ஒரு வாய் வைத்தவள் தட்டிலேயே துப்பினாள்.

“நைனா, இது நாறுது!”

“ஏய், வாய மூடிகினு துன்னு” என்று மனைவி அதட்டினாள்.

“நெஜமாம்மா. பழைய எண்ண நாத்தம்.”

எழுந்துபோய் பாட்டிலை மூக்கில் வைத்தேன். பழக்கதோஷம். ஒன்றுமில்லை. தண்ணீரை முகர்ந்த மாதிரி இருந்தது.

“எண்ண கெட்டுப்போச்சா?” என்று மனைவியைக் கேட்டேன்.

“சிக்கு வாடை அடிக்கிது.”

“எப்பத் தெரிஞ்சிது உனக்கு?”

“நீ ஊத்துறப்பவே.”

“அப்பவே சொல்றதுக்கு இன்னா?” என்று கத்தினேன். “நாளைக்கு அவன் முன்னாடி இதத்தான் வெச்சிருப்பேன். தெரியுமா?”

அவள் தட்டைக் கீழே வைத்தாள். “எப்பிடியா சொல்றது? ஒரு வருசமா வாயத் தொறக்காத மனுசன், இன்னிக்குத்தான் பாட்டு பாடிகினு வேல செஞ்சே. அத நான் எப்பிடிக் கெடுக்குறது?”

நான் பாடியதே எனக்குத் தெரியாது. மகள் பயந்துபோய் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். மிச்சத்தை மூன்று பேரும் சாப்பிடவில்லை. தெரு நாய்க்கு வைத்தேன். அதுவும் முகர்ந்துவிட்டுப் போய்விட்டது.

மறுநாள் பஸ் ஏறி மாமல்லபுரம் போனேன். செய்து காட்ட வரவில்லை என்று முதலாளியிடம் சொன்னேன். அவன் ஏன் என்று கேட்கவில்லை. “காய் வெட்ட ஆளு வேணும் மச்சான். வர்றியா?” என்றான். சரி என்றேன். வேறு என்ன சொல்வது?

இன்றைக்கும் அதைத்தான் செய்கிறேன். அடுப்புக்கு முன்னால் வேறு ஒருவர் நிற்கிறார். பாஸ்தா பாக்கெட்டில் வருகிறது, பெஸ்டோ பாட்டிலில். வெளிநாட்டுக்காரர்கள் வழித்துச் சாப்பிடுகிறார்கள், யாரும் குறை சொல்வதில்லை. வெங்காயம் வெட்டினால் எனக்குக் கண்ணில் தண்ணீர் வருகிறது. எரிச்சல் தெரிகிறது, வாசனை இல்லை. என் உடம்பு நாறுகிறதோ என்று பயந்து தினமும் மூன்று தடவை குளிக்கிறேன். பாலையும் மீனையும் முகர்ந்து சொல்ல முதலில் மகள் ஆசையாக ஓடிவருவாள். இப்போது கூப்பிட்டால், “சும்மா கூப்ட்டுகினே இருக்காத நைனா” என்கிறாள்.

போன மாதம் செங்கல்பட்டுக்குப் போனபோது, இனிமேல் வராது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அவர் நல்லவிதமாகத்தான் சொன்னார். அதற்கு அடுத்த நாளிலிருந்து மனைவி, தான் வேலை பார்க்கும் ரிசார்ட்டுக்குக் கிளம்பும்போது சிலிண்டரிலிருந்து ரெகுலேட்டரைக் கழற்றித் தன் பையில் போட்டுக்கொண்டு போகிறாள். கேஸ் கசிந்தால் எனக்குத் தெரியாது. அவள் செய்வது சரிதான். என் விடுமுறை நாட்களில், அவள் மூடி வைத்துவிட்டுப் போன சோற்றை ஆறியபடியே சாப்பிடுகிறேன்.