எனக்கென்று ஒரு கதை வாசியுங்கோ, அண்ணை

இந்த நினைவு மலரைக் கையில் வைத்திருக்கும் உங்களில் பலர் எங்கள் அண்ணையின் கிட்டாரில் ஒரு தடவையாவது அகப்பட்டவர்கள். அதற்காகச் சிலர் கோபித்துக்கொண்டு அவரோடு கதைக்காமலும் இருந்தீர்கள். அவர் இறைவனில் இளைப்பாறி ஓராண்டு நிறைகிறது. கோபித்தவர்களும் இன்று திருப்பலிக்கு வந்திருக்கிறீர்கள்.

குருநகரில் கடற்றொழில் செய்த குடும்பத்தில் மூத்தவராகப் பிறந்தவர் அண்ணை. அவருக்கு அடுத்ததும் கடைசியும் நான். இடம்பெயர்ந்து தென்மராட்சியில் இருந்த நாட்களில் அவருடைய படிப்பு நின்றது. ஊர் திரும்பியபின் படகு என்ஜின் திருத்தப் பழகி, அந்த வேலையிலேயே வீட்டைத் தாங்கினார். என் கலியாணத்தையும் அவரே நடத்திவைத்தார். பின்னேரம் விரல்களில் படிந்த எண்ணெயைச் சவர்க்காரம் போட்டுத் தேய்த்துக் கழுவிவிட்டுத்தான் கிட்டாரைத் தொடுவார். கோவில் பாடகர் குழுவில் பழகிய வாத்தியம் அது. ஆனால் வீட்டில் அவர் பாட்டு வாசிப்பதில்லை, 'கதை' வாசிப்பார். சொல்லும் இல்லை, பாட ஆளும் இல்லை. தானே கட்டிய மெட்டும் ஒற்றைக் கிட்டாரும்தான்.

அப்பாவுக்கு முதலில் இது பிடிக்கவில்லை. "பாட்டுப் படிக்கத் தெரியாட்டி உந்தக் கிட்டாரை ஏனடா தூக்கிறாய்?" என்று சினப்பார். ஒரு நாள் அப்பா கடலுக்குப் புறப்படும் கதையை அண்ணை வாசித்தார். கிட்டாரின் பலகையில் தட்டி, என்ஜின் கயிற்றை இழுப்பதையும் என்ஜின் கிளம்பாமல் இருமுவதையும் கேட்கவைத்தார். கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்த அப்பா, "பிளக் அடைச்சுப் போச்சு, கழட்டித் துடை" என்றார். இதைவிட வேறு என்ன பாராட்டு வேண்டும்!

எங்கள் ஒழுங்கையில் மீன் விற்ற திரேசாக்காவின் கதையை மறந்திருக்க மாட்டீர்கள். தடித்த கம்பி அவர் சொல்லும் விலை, மெல்லிய கம்பி வாங்க வந்தவரின் கெஞ்சல். வாங்க வந்தவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு போய்விட, சற்று நேரம் சத்தமே இருக்காது. பிறகு தடித்த கம்பி பின்னால் ஓடிப்போய்க் கூப்பிடும். "டேய், நான் உப்பிடியே கத்துறனான்?" என்று அக்கா மதிலுக்கு மேலால் கத்த, ஒழுங்கையே சிரித்தது.

எனக்குத்தான் ஒன்றும் இல்லை.

"அண்ணை, எனக்கெண்டு ஒண்டு வாசியுங்கோவன்" என்று சின்ன வயதில் கேட்டேன். பிள்ளை பெற்ற பிறகும் கேட்டேன். "உன்னை வாசிக்கிறதெண்டால் நீ கொஞ்ச நேரம் வாயை மூடவேணும். எங்கை மூடினனீ?" என்பார். நானும் சேர்ந்து சிரிப்பேன், ஆனால் உள்ளுக்குள் வலிக்கும். ஊரில் எல்லோரையும் கண்ட அண்ணைக்குக் கூடப்பிறந்த நான் மட்டும் தெரியவில்லையே என்று பொருமியிருக்கிறேன்.

பிறகு பாரிசவாதம் வந்தது. உயிர் தப்பியது, இடக்கை விழுந்துவிட்டது. கம்பியை அழுத்துகிற கை அது. வலக்கை நன்றாகத்தான் இருந்தது, ஆனால் அது தனியே என்ன செய்யும்? கண்ணில் பட்டால் வேதனைப்படுவார் என்று அண்ணையின் மனைவி, என் மச்சாள், கிட்டாரை அலுமாரிக்குப் பின்னால் வைத்தார். அண்ணை சுவரைப் பார்த்தபடி கிடந்தார்.

சில மாதங்கள் கழித்து ஒரு பின்னேரம் தேத்தண்ணி கொண்டுபோனேன். "பிள்ளை, அதை எடுத்துக்கொண்டு வந்து இதிலை இரு" என்றார். அவருடைய இடப்பக்கம் ஒட்டி இருந்து, அவர் சொன்ன இடங்களில் நான் அழுத்த, அவர் வலக்கையால் மீட்டினார்.

"இன்னும் அமத்து."

"நோகுது அண்ணை!"

"நோகத்தான் செய்யும். விடாதை."

அன்று தொடங்கியது. என் வீட்டில் சமையல் பிந்தியது, விரல் நுனிகள் காய்த்துப்போயின. நான் தடுமாறும் இடத்தில் அண்ணை காத்திருந்து மீட்டுவார், பிழை விட்டால் பிழையையும் மெட்டோடு சேர்த்துக்கொள்வார். மெல்ல மெல்ல ஒரு கதை உருவானது. வேகமாக ஓடும், திடீரென்று நிற்கும், திரும்ப வந்து எதையோ கேட்கும்.

"இது ஆரின்ரை கதை, அண்ணை?"

"கேக்கிறாளே கேள்வி! வாய் ஓயாமல் அலட்டுது, இடைக்கிடை பிழை விடுது, சொன்னாலும் கேக்குதில்லை. வேறை ஆரின்ரை?"

நான் விம்மி அழுதுவிட்டேன். "கையை எடுத்திடாதை, இன்னும் முடியேல்லை" என்றார்.

முடித்தோம். எத்தனையோ பின்னேரங்கள் அதை முழுதாக வாசித்தோம். கைத்தொலைபேசியில் பதிவோம் என்று என் மகள் வந்தபோது, "பொறு, உன்ரை அம்மா முதலிலை பிழையில்லாமல் அமத்தட்டும்" என்று சிரித்தார். அதற்குள் இரண்டாம் முறை வாதம் வந்து, அவரைக் கொண்டுபோய்விட்டது.

அண்ணையைப் பராமரித்த வைத்தியர்களுக்கும் தாதியருக்கும், வீடு தேடி வந்து கைக்குப் பயிற்சி கொடுத்த பிள்ளைக்கும், செபித்து வழியனுப்பிய பங்குத்தந்தைக்கும், சேமக்காலை வரை தோளில் சுமந்த தொழிலாளத் தோழர்களுக்கும், எங்கள் வீட்டில் அடுப்பு மூட்டாத நாட்களில் சாப்பாடு கொண்டுவந்த அயலவர்களுக்கும் எங்கள் குடும்பம் என்றும் கடமைப்பட்டிருக்கிறது. கிட்டாரை என்னிடமே தந்த மச்சாளுக்கு நன்றி சொல்ல எனக்கு வார்த்தை இல்லை.

பின்னேரங்களில் அதை எடுத்துவைத்து, என் கதையைத் தொடக்கத்திலிருந்து கடைசிவரை இடக்கையால் அழுத்திக்கொண்டு போகிறேன். இப்போது ஓரிடத்திலும் பிழை விடுவதில்லை, அண்ணை. மீட்டத்தான் நீங்கள் இல்லை.

தங்கை