இறக்கையின் அந்தப் பக்கம்

ஊசியை உள்ளே தள்ளிவிட்டு எழுந்து நடக்கிறார். விமானத்தின் இடது இறக்கை, கழற்றப்பட்டு, மரத் தாங்கியில் ஒரு சுவர் மாதிரி நிமிர்ந்து நிற்கிறது. இந்தப் பக்கத் துணியில் நுழைந்த நீள ஊசி அந்தப் பக்கத்தில் முளைத்துக்கொண்டிருக்கிறது. அவர் இறக்கையின் நுனியைச் சுற்றிப் போய், அங்கிருக்கும் ஸ்டூலில் உட்கார்ந்து, ஊசியை இழுத்து நூலை இறுக்குகிறார். உள்ளே ஓடும் மரச் சட்டத்தின் மறு ஓரமாக ஊசியைத் திருப்பிக் குத்திவிட்டு, எழுந்து, மறுபடி சுற்றிக்கொண்டு இந்தப் பக்கத்து ஸ்டூலுக்கு வருகிறார். முடிச்சுப் போடுகிறார். துணி சட்டத்தோடு ஒட்டி நிற்க ஒரு தையல் ஆயிற்று. அடுத்ததற்கு ஊசியைத் தள்ளிவிட்டு எழுந்திருக்கிறார்.

இரண்டு ஸ்டூல்களில் அந்தப் பக்கத்து ஸ்டூலில் மட்டும் ஒரு சின்ன மெத்தை உண்டு. அவர் அங்கே உட்காரும்போது மெத்தையை எடுத்து மடியில் வைத்துக்கொள்கிறார். எழும்போது திரும்பப் போட்டுவிடுகிறார்.

இது இரண்டு பேர் செய்கிற வேலை. புல்தரை ஓடுபாதையை ஒட்டி வரிசையாக நிற்கும் தகரக் கொட்டகைகளில் எல்லோருக்கும் அது தெரியும். பக்கத்துக் கொட்டகை மெக்கானிக் பல தடவை கேட்டுப் பார்த்துவிட்டார்.

"நான் அந்தப் பக்கம் உக்காந்தா ஒரு வாரத்துல முடிஞ்சுரும்ணே. எதுக்கு இப்படிப் பிரதட்சணம் பண்றீங்க?"

"டாக்டர் நடக்கச் சொல்லியிருக்காரு தம்பி."

அவருடைய தொழில் பல் செட் கட்டுவது. ஓடுபாதையில் அவருக்குப் பெயரே 'பல்செட்'தான். வீட்டின் முன்னறையில் சுண்ண மாவில் வார்த்த தாடைகள் அலமாரி நிறைய அடுக்கியிருக்கும். யாரோடு பேசினாலும் கண்ணைப் பார்ப்பதில்லை, வாயைப் பார்ப்பார். முகம் மறந்துபோன ஆளைக்கூடச் சிரித்ததும் அடையாளம் கண்டுபிடித்துவிடுவார். கல்யாணக் கூட்டத்தில் நின்றுகொண்டு, "அந்த மேல் வரிசை நம்முளுது" என்று மனைவியின் காதில் சொல்லி, அவளிடம் கிள்ளு வாங்குவது வழக்கம்.

விமானத்தை அவர்கள் வாங்கியது கைவிடப்பட்ட ஒரு கோழிப் பண்ணையில். ஒருவர் பின்னால் ஒருவராக இரண்டு பேர் உட்காரலாம். மரச் சட்டத்தின் மேல் துணி போர்த்திய, அவர்கள் இருவரையும்விட வயதான விமானம். ஓட்டுபவர் இருக்கையில் கோழி ஒன்று முட்டை இட்டிருந்தது. அவர் எஞ்சினைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தபோது மனைவி புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு பின் இருக்கையில் ஏறி உட்கார்ந்துவிட்டாள்.

"டிக்கெட் எடுத்தாச்சு. எப்பக் கிளம்பும்?"

"எஞ்சின் ரெடியானதும்."

அந்த எஞ்சின்தான் சிக்கல். விமானம் பிறந்தபோதே பொருத்தப்பட்டது அது. முன்னிருக்கைக்கு எதிரே இருக்கும் பித்தளைத் தகட்டிலும் எஞ்சினின் வயிற்றிலும் ஒரே எண் குத்தியிருக்கும். வயிற்றில் விரிசல் விட்டிருந்தது. நான்கு சிலிண்டர்களில் ஒன்று தேறாது. இதே அளவில் வேறு எஞ்சின் கிடைக்கிறது, மாட்டினால் மழைக்கு முன்னால் பறந்துவிடலாம் என்றார் மெக்கானிக். பல்செட் ஒப்புக்கொள்ளவில்லை. காரணம் கேட்டவர்களுக்கெல்லாம் ஒரே பதில்தான் சொன்னார்.

"ஆயுசு பூரா அடுத்தவன் வாயில பொய்ப்பல்லு மாட்டிட்டேன். இது ஒண்ணாவது சொந்தப் பல்லோட இருக்கட்டுமே."

மனைவி மட்டும் கேட்டாள்: "பறக்கப் போறது நாமளா, எஞ்சினா?"

எஞ்சின் பட்டறைக்குப் போயிருந்த நாட்களில் இருவரும் இடது இறக்கைக்குத் துணி போர்த்தினார்கள். தைக்க வெளிச்சம் வேண்டும் என்று இறக்கையை ஜன்னலோரம் நிறுத்தச் சொன்னது அவள்தான். அவள் தபால் நிலையத்தில் முத்திரை குத்திக்கொண்டிருந்தவள். மைக்கு ஒரு தட்டு, கடிதத்துக்கு ஒரு தட்டு. ஓய்வு பெற்ற பிறகும் அந்தத் தாளம் கையைவிட்டுப் போகவில்லை. ஊசி தன் பக்கம் வந்து சேர்ந்ததும் இழுத்துக்கொண்டு, நகத்தால் துணியில் டக் டக் என்று இரண்டு தட்டுத் தட்டுவாள். விறைத்த துணி பறை மாதிரி அதைச் சொல்லும். இறக்கை நடுவில் நிற்பதால் ஒருவர் முகம் மற்றவருக்குத் தெரியாது. அந்தத் தட்டு வந்தால் வாங்கிக்கொண்டாள் என்று அர்த்தம். மத்தியானம் முழுக்க ஒரு வார்த்தை பேசாமல் இப்படித் தைத்திருக்கிறார்கள். சில சமயம் தட்டு வராது. எட்டிப் பார்த்தால் மெத்தையில் உட்கார்ந்தபடியே தூங்கியிருப்பாள்.

இடது இறக்கை முடிந்தது. எஞ்சின் முடியவில்லை. விரிசலை ஒட்டவைத்தால் இன்னொரு இடத்தில் விட்டது. சிலிண்டர் ஒன்று எங்கிருந்தோ கப்பலில் வந்து சேர்ந்தது, அளவு மாறியிருந்தது. வலது இறக்கையைத் தைக்கத் தொடங்கியபோது அவளுக்கு ஸ்டூலில் உட்கார்ந்திருக்கவே மூச்சு வாங்கியது. அதை மெக்கானிக்கை வைத்து முடித்தார். அவள் நாற்காலியைப் போட்டுக்கொண்டு பார்த்திருந்தாள். வேறு எஞ்சின் பேச்சு மறுபடி எழுந்தது. இவ்வளவு தூரம் வந்துவிட்டு மாற்றுவதா, இன்னும் கொஞ்சம்தான் என்றார். "எப்பக் கிளம்பும்?" என்று அவள் கேட்பதும் நின்றிருந்தது. அவள் கேட்பதை நிறுத்தியதைத் தான் கவனிக்கவே இல்லை என்று இப்போது சொல்கிறார்.

அவள் போன பிறகுதான் எஞ்சின் உயிர் பெற்றது. மெக்கானிக் முன்விசிறியைக் கையால் சுண்டினார். எஞ்சின் இருமிப் புகைவிட்டு, பிறகு சீராக ஓடியது. கொட்டகைக்காரர்கள் எல்லோரும் வந்து கைதட்டினார்கள். பல்செட் கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு அணைத்துவிட்டார்.

"போதும். ஓடுதுன்னு தெரிஞ்சுபோச்சு."

பறக்க அனுமதி தரும் சோதனை அதிகாரி வந்தார். நல்ல மனிதர். எஞ்சினை வெகு நேரம் பாராட்டினார். பிறகு துணியின் பலம் பார்க்கும் சின்னக் கருவியை வலது இறக்கையில் அழுத்தினார். சரியாக இருந்தது. இடது இறக்கையில் அழுத்தினார். கருவி பொசுக்கென்று உள்ளே போய்விட்டது. வெயில் தின்ற துணி. அதைக் காக்கும் வெள்ளிப் பூச்சை, எஞ்சின் வந்ததும் இரண்டு இறக்கைக்கும் சேர்த்து ஒரேயடியாக அடிக்கலாம் என்று பல்செட்தான் விட்டுவைத்திருந்தார். இறக்கை அத்தனை காலமும் ஜன்னலோரமே நின்றது. பிற்பாடு அடித்த பூச்சு, உளுத்துப்போனதை மூடித்தான் வைத்தது. மொத்தத் துணியையும் பிரித்துவிட்டுப் புதிதாகப் போர்த்தாமல் அனுமதி கிடையாது என்றார் அதிகாரி. பல்செட் எல்லாவற்றையும் தலையாட்டிக் கேட்டுக்கொண்டார். அதிகாரியின் முன்பற்களில் ஒன்று கட்டுப்பல் என்பதைத் தவிர அன்று வேறெதையும் தான் கவனிக்கவில்லை என்றார் பிறகு.

ஒரு வருடம் போல இறக்கையைத் தொடவில்லை. அது அவள் தையல், பிரிக்க முடியாது என்றுவிட்டார். ஞாயிற்றுக்கிழமைகளில் வந்து கொட்டகையைத் திறப்பார். எஞ்சினைத் துடைப்பார். விமானம் எல்லா உறுப்புகளோடும் தரையில் நின்றது.

வேறு ஊரில் வேலை பார்க்கும் மகள் வந்தபோதுதான் அந்தப் பிடிவாதம் உடைந்தது. அவள் கத்தவில்லை. கொட்டகை வாசலில் நின்று, கைப்பையைக்கூடக் கீழே வைக்காமல், மெதுவாகத்தான் கேட்டாள்.

"அம்மா தைச்சது பறக்கறதுக்குத்தானேப்பா. இதுக்கும் சொந்தப் பல்லுதான் வேணுமா உங்களுக்கு?"

அவள் ஊருக்குத் திரும்பிய பிறகு அவர் இறக்கையைக் கழற்றித் தாங்கியில் நிறுத்தினார். பிளேடால் ஓர் இழுப்பு இழுத்தால் துணி வந்துவிடும். அவர் முடிச்சு முடிச்சாக அறுத்தார். சட்டத்தை விட்டு வந்த துணியை மடித்து எஞ்சின்மேல் போட்டார். இன்றைக்கும் தூசி படாமல் எஞ்சினைப் போர்த்தியிருப்பது அதுதான். புதுத் துணி இழுத்துக் கட்டி, அதை விறைக்கவைக்கும் முதல் பூச்சு காய்ந்ததும், தனியாகத் தைக்க உட்கார்ந்தார். நடந்து நடந்து தைத்துக்கொண்டிருக்கிறார்.

போன விடுமுறைக்கு மகள் வந்தாள். அவர் ஒரு தையலுக்காகச் சுற்றிக்கொண்டிருந்தபோது உள்ளே வந்தவள், அந்தப் பக்கத்து மெத்தையில் உட்கார்ந்துவிட்டாள். அவர் இறக்கையின் நுனியிலேயே கொஞ்ச நேரம் நின்றார். பிறகு திரும்பி நடந்து தன் ஸ்டூலுக்கு வந்தார்.

நூல் அவர் விரல்களிடையே தானாக ஓடி அந்தப் பக்கம் போனது. ஊசி திரும்பி வந்தது. "சரியாப்பா?" என்று அவள் கேட்டாள். "கொஞ்சம் மேல" என்றார். அடுத்தது சரியாக வந்தது. வேலை வேகமாக நகர்ந்தது. எழுந்து போக வேண்டியதில்லை என்பதைக் கால்கள் நம்பவில்லை, ஊசியைத் தள்ளியதும் பாதி எழுந்து உட்கார்ந்தார். ஒவ்வொரு முறையும் ஊசி போன பிறகு காதைத் துணியின் பக்கம் லேசாகச் சாய்த்தார். மகளுக்கு அதெல்லாம் தெரியாது. அவள் ஊசியை இழுத்தாள், குத்தி அனுப்பினாள்.

ஒரு வரிசை முடிகிற இடத்தில், அவள் அனுப்பிய ஊசி அவர் முன்னால் வந்து நின்றது. அதை இழுத்து நூலை இறுக்கினார். பிறகு நகத்தால் துணியில் இரண்டு தட்டுத் தட்டினார்.

"என்னப்பா?" என்றாள் அவள் அந்தப் பக்கத்திலிருந்து.

அவர் தட்டிய இடத்தில் உள்ளங்கையை விரித்து வைத்து, எடுக்காமல் உட்கார்ந்திருந்தார்.