தினேஸ்வரிக்கு இண்டர்வியூ, எல்லாரும் டியாம்!

காம்பார் கல்லூரியில் கம்ப்யூட்டர் படித்துவிட்டு, பத்து காஜா ஊரில் ஒரு பேரங்காடியில் மீன் டின்னுக்கு விலை ஒட்டிக்கொண்டிருந்தாள் தினேஸ்வரி. எட்டு நேர்காணல்கள் முடிந்திருந்தன. எட்டிலும் அனுபவம் இல்லை என்றே அனுப்பிவிட்டார்கள். அனுபவத்தை எந்தக் கடையில் விற்கிறார்கள் என்று ஒருவரும் சொல்லவில்லை. இந்த ஒன்பதாவதும் போனால், அவள் ஆயுசுக்கும் மீன் டின்தான்.

ஒன்பதாவதாக அழைத்த ஈப்போ நகரக் கம்பெனி இணையத்திலேயே பேசலாம் என்றது. அவள் குடியிருந்த பழைய எஸ்டேட் லயத்தில் இணையம் ஒழுங்காக வரும் ஒரே இடம் கோயில் மண்டபம். கோயில் செயலாளர் பத்துமலையிடம் கேட்டாள்.

"அண்ணே, ஒரு மணி நேரம் சத்தம் இல்லாம பாத்துக்குங்கண்ணே, தோலோங்லா, உதவி பண்ணுங்க."

"நீ கவலைய விடு. ஒரு ஈ பறக்காது."

வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்டாள் பாவம்.

நேர்காணல் தொடங்கியது. மடிக்கணினித் திரையில் சுபேசன் என்ற அதிகாரி, சிரிக்கத் தெரியாத முகம். முதல் கேள்விக்கு அவள் வாயைத் திறந்தபோது, கூரைமேல் இருந்த ஒலிபெருக்கியும் திறந்தது.

"ஹலோ, ஹலோ! நம்ம தினேஸ்வரிக்கு இண்டர்வியூ நடக்குது. எல்லாரும் டியாமா, சத்தம் போடாம இருங்க!"

பத்துமலையின் அந்த அலறலில் பக்கத்தில் இருந்த கனகராஜ் வீட்டு நாய் கருப்பன் விழித்துக் குரைத்தது. மற்ற நாய்களும் சேர்ந்துகொண்டன.

"யாரு வீட்டு நாய்லா அது? இண்டர்வியூ நடக்குது, தெரியாது?"

நாய்கள் இன்னும் பலமாகக் குரைத்தன. பத்துமலை இன்னும் பலமாக அதட்டினார்.

அதுவரை ஆங்கிலத்தில் பேசிய சுபேசன் இதையெல்லாம் கேட்டுவிட்டுத் தமிழுக்கு மாறினார். "முடிவில்லாத லூப் என்றால் என்ன?"

மனப்பாடம் செய்தது ஒன்றுமே நினைவுக்கு வரவில்லை. கருப்பன் மட்டும் காதில் விழுந்தது. அவளுக்குச் சட்டென்று புரிந்துவிட்டது.

"இதுதான் சார்! அண்ணே கத்துறதால நாய் குரைக்குது. நாய் குரைக்கிறதால அண்ணே கத்துறாரு. எப்ப நிறுத்தணும்னு ரெண்டு பேருக்கும் யாரும் சொல்லல."

"எப்படி நிறுத்துவீங்க?"

"ஒரு நிமிஷம் சார்!"

ஓடினாள். மைக் அறையை உள்ளே தாழிட்டிருந்தார் பத்துமலை. தட்டினாள்.

"யாரது கதவத் தட்டுறது? இண்டர்வியூ நடக்குது!" என்றது ஒலிபெருக்கி.

வேறு வழியில்லாமல் மெயின் சுவிட்சை இறக்கினாள். ஒலிபெருக்கி அடங்கியது. நாய்கள் அடங்கின. மண்டபத்து இணையமும் அடங்கியது. திரையில் சுபேசன் பாதி திறந்த வாயோடு அப்படியே நின்றுபோனார். ஒன்பதும் போச்சு என்று தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டாள்.

கைப்பேசி ஒலித்தது. சுபேசன்தான்.

"ஒரு லூப்பை நிறுத்த சிஸ்டம் முழுவதையும் அணைச்சிட்டீங்களே?"

"சாரி சார்."

"இங்க எங்க டீம்ல ஆறு பேர் இருக்காங்க. ஆறு பேரும் அதைத்தான் செய்யிறாங்க. ஆனா நீங்க கோளாறு எங்கன்னு கண்டுபிடிச்சிட்டு அப்புறம்தான் அணைச்சீங்க. திங்கட்கிழமை வேலைக்கு வந்திடுங்க."

அவள் போட்ட கூச்சலில் பத்துமலை கதவைத் திறந்துகொண்டு ஓடி வந்தார். விஷயத்தைக் கேட்டதும் சுவிட்சை ஏற்றிவிட்டு, வந்த வேகத்திலேயே உள்ளே போனார்.

"ஹலோ, ஹலோ! நம்ம தினேஸ்வரிக்கு வேலை கெடச்சிருச்சு!"

கருப்பன் குரைத்தது.

"கருப்பா, டியாம்! வேலை கெடச்சிருச்சுன்னு சொல்றேன்ல!"

எல்லா நாய்களும் குரைத்தன. இந்தத் தடவை தினேஸ்வரி சுவிட்ச் பக்கமே போகவில்லை.