ஏசுபாதம் மாமாவின் ஈய டப்பா

“இந்த பிலிம்ல என்ன இருக்கு?”

மீனம்பாக்கம் விமான நிலையத்தில் ஒரு பாதுகாப்பு அதிகாரி என்னிடம் கேட்ட கேள்வி இது. அந்த பிலிமில் இருந்த முப்பத்தாறு படங்களையும் எடுத்தவள் நான்தான். ஒவ்வொன்றும் எனக்கு மனப்பாடம். ஆனாலும் அப்போது பதில் சொல்ல முடியவில்லை. பக்கத்தில் ஏசுபாதம் மாமா நின்றுகொண்டிருந்தார்.

மாமாவைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் எதுவும் புரியாது.

அவர் என் அம்மாவின் அண்ணன். எங்கள் ஊர், அணுமின் நிலையம் இருக்கிற கல்பாக்கத்தை ஒட்டிய புதுப்பட்டினம். கான்ட்ராக்ட் கம்பெனிகளில் இருபத்தாறு வருடம் எக்ஸ்ரே வேலை பார்த்தவர். மனிதர்களுக்கு இல்லை, குழாய்களுக்கு. இரும்புக் குழாய்களை வெல்டிங் செய்த இடத்தில் உள்ளே ஓட்டையோ விரிசலோ இருக்கிறதா என்று எக்ஸ்ரே எடுத்துப் பார்ப்பார்கள். குழாய்க்குப் பின்னால் பிலிமைக் கட்டுவது, சுற்றிலும் கயிறு கட்டுவது, விசில் ஊதி ஆட்களைத் தூரமாக விரட்டுவது, இதெல்லாம் மாமாவின் பொறுப்பு. அந்த பிலிமை இருட்டறையில்தான் திறக்க வேண்டும். மற்ற நேரத்தில் ஈயத் தகட்டுக்குள் இருக்க வேண்டும். தெரியாமல் கதிர் பட்டுவிட்டால் பிலிம் முழுக்கப் புகை மண்டியது போல ஆகிவிடும். எல்லா வேலையும் மறுபடி முதலிலிருந்து.

மாமா வேலையை விட்டு மூன்று வருடம் ஆகிறது. விசிலை மட்டும் விடவில்லை, சட்டைப் பையிலேயே இருக்கும். கல்யாண வீட்டில் குரூப் போட்டோ எடுத்தால் போட்டோகிராபருக்கு முன்னால் இவர் ஊதிவிடுவார். காலையில் தோசையை விளக்குக்கு நேராகத் தூக்கிப் பிடித்து ஓட்டைகளை எண்ணுவார்.

“ஜாக்குலின், இது ரிஜெக்ட். வேற ஊத்து.”

“நாஸ்தா ரிஜெக்ட் ஆனவங்க டீ குடிச்சிட்டு எழுந்து போலாம்,” என்று ஜாக்குலின் அத்தை தட்டை எடுத்துக்கொண்டு போய்விடுவார்.

என் கதைக்கு வருகிறேன். பிளஸ் டூ முடித்தேன், காலேஜில் சேரவில்லை. செங்கல்பட்டில் ஒரு ஜெராக்ஸ் கடையில் ஒரு மாதம் இருந்தேன். நாவலூரில் ஒரு ஆபீஸ் ரிசப்ஷனில் பதினோரு நாள். எனக்கு உட்கார்ந்த இடத்தில் உட்கார வராது. மாமல்லபுரத்தில் ஒரு லாட்ஜில் யாரோ விட்டுப்போன பழைய பிலிம் கேமரா கைக்கு வந்த பிறகுதான் ஒரு வேலையை நாள் முழுக்க அலுக்காமல் செய்தேன்.

மும்பையில் ஒரு புகைப்படப் பள்ளி போட்டி வைத்தது. முப்பது பேரைத் தேர்ந்தெடுத்து ஆளுக்கு ஒரே ஒரு பிலிம் சுருள் அனுப்பினார்கள். ஒரு மனிதரின் வாழ்க்கையை முப்பத்தாறு படங்களில் எடுக்க வேண்டும். சுருளைக் கழுவாமல் அப்படியே நேரில் கொண்டுவந்து தர வேண்டும். கழுவிப் பார்த்து, பத்துப் பேருக்கு ஒரு வருடப் படிப்பு இலவசம். சுருள் கெட்டால் அவ்வளவுதான், இன்னொன்று தர மாட்டார்கள்.

நான் மாமாவைத்தான் எடுத்தேன், அவருக்குத் தெரியாமல். தெரிந்தால் பாஸ்போர்ட் போட்டோவுக்கு நிற்பது போல விறைத்துக்கொள்வார். என் கழுத்தில் எப்போதும் கேமரா தொங்குவதால் நான் காக்காயையும் சவுக்கு மரத்தையும் எடுக்கிறேன் என்று நினைத்துக்கொண்டார்.

அம்மா என்னைத் தனியாக அனுப்ப மறுத்ததால் துணைக்கு மாமா வந்தார். விமானத்தில் எங்கள் இரண்டு பேருக்கும் அதுதான் முதல் தடவை. பள்ளியிலிருந்து வந்த கடிதத்தில் ஒரு எச்சரிக்கை இருந்தது. இது குறைந்த வெளிச்சத்தில் எடுக்கிற பிலிம், விமான நிலைய ஸ்கேனரில் போனால் கெட்டுப்போகும். உள்ளே இருப்பது தெரிகிற பிளாஸ்டிக் கவரில் போட்டுக் கையால் சோதிக்கச் சொல்லிக் கேளுங்கள் என்று. எங்கள் தெருவில் இதை நம்பிய ஒரே ஆள் மாமா. ஆனால் கேட்பதில்தான் அவருக்கு நம்பிக்கை இல்லை.

“கேட்டா குட்த்துருவாங்களா? மிஷின் வெச்சிகினு கீறவன் ஷாட் எடுக்காம வுடுவானா? வுடு, நான் பாத்துக்கறேன்.”

செங்கல்பட்டு பழைய இரும்புக் கடையில் ஈயத் தகடு வாங்கிவந்து, ஒரு எவர்சில்வர் டிபன் டப்பாவுக்குள் நாலு பக்கமும் அடித்துப் பொருத்தினார். சுருளை உள்ளே வைத்து மூடி, கருப்பு டேப்பைப் பதினோரு சுற்று சுற்றினார். தூக்கினால் கை இறங்கியது.

“மாமா, மிஷின்ல இது கருப்பா தெரியுமே?”

“கருப்பா தெரிஞ்சாத்தான் உள்ள சேஃப்பா கீதுன்னு அர்த்தம்.”

பயத்தில் நானும் சரி என்றேன். தப்பு எனக்கும் பாதி.

விமான நிலையத்தில் எங்கள் பை மிஷினுக்குள் போனது. பெல்ட் நின்றது. பின்னால் போய் மறுபடி முன்னால் வந்து நின்றது. திரையில் பார்த்தேன்: துணிகளுக்கு நடுவில் செங்கல் மாதிரி ஒரு கருப்புக் கட்டம். சட்டையில் சுஜாதா என்று பெயர் போட்டிருந்த அதிகாரி டப்பாவை எடுத்து மேஜைமேல் வைத்தார்.

“இது யாரோடது?”

“நம்ளுதுதான் மேடம்.” மாமா பெருமையாகக் கையைத் தூக்கினார்.

“உள்ள என்ன?”

“ஈயம். கதிர் படக்கூடாதுன்னு வெச்சிகினு வந்தேன். நான் கல்பாக்கத்துல இருவத்தாறு வருசம் கதிர் வேல பாத்தவன்.”

ஈயம், கதிர், கல்பாக்கம் மூன்றையும் ஒரே மூச்சில் சொல்லிவிட்டார். துப்பாக்கியோடு இரண்டு பேர் பக்கத்தில் வந்து நின்றார்கள்.

“டப்பாவத் திறங்க.”

“தொறக்கலாம் மேடம். லைட்ட அணைக்கச் சொல்லுங்க.”

“எந்த லைட்ட?”

மாமா கூரையை ஒரு முறை முழுதாகச் சுற்றிப் பார்த்தார். “எல்லாத்தையும்தான்.”

“மாமா, இது கேமரா சுருள். வெளிச்சத்துல எடுத்தா ஒண்ணும் ஆகாது!”

“நீ சும்மா இரு ஜெனி. வெளிச்சத்துல ஒரு பிலிமத் தொறந்தவன் இல்ல நான்.”

அதிகாரி டேப்பைக் கத்தரிக்க ஆரம்பித்ததும் மாமாவின் கை தானாகவே சட்டைப் பைக்குப் போனது. விசிலை ஊதி, “தள்ளு! எல்லாரும் பத்தடி தள்ளு!” என்று கத்தினார். வரிசை முழுக்கப் பின்னால் ஓடியது. கழற்றிய பெல்ட்டை ஒரு கையிலும் பேண்ட்டை இன்னொரு கையிலும் பிடித்துக்கொண்டு ஒருவர் ஓடியதை என்னால் மறக்க முடியாது.

விசில் பறிபோனது. எங்களை ஓரமாக நிறுத்தினார்கள். விமானத்தில் ஏறக் கூப்பிட்டுவிட்டார்கள். கதவை மூட இருபது நிமிடம்தான். சுருளைக் கையில் வைத்துக்கொண்டு அதிகாரி சொன்னார்:

“டப்பா போகாது. பிலிம் ட்ரேல போகும்.”

நான் கடிதத்தைக் காட்டிக் கெஞ்சினேன். படித்தார்.

“சரி, கையால பார்க்கறேன். ஆனா நீங்க வர்றது கல்பாக்கம். எதை எடுத்தீங்கன்னு எனக்குத் தெரியணும். இந்த பிலிம்ல என்ன இருக்கு?”

நான் மாமாவைப் பார்த்தேன். தரையைப் பார்த்தேன். பதில் வராததால் அதிகாரி சுருளை ட்ரேயில் வைத்தார். ட்ரே நகர்ந்தது.

“மாமாதான் மேடம்! முப்பத்தாறும் எங்க மாமாதான்!”

அதிகாரி ட்ரேயைப் பிடித்து நிறுத்தினார்.

“நானா?” என்றார் மாமா. “என்ன எப்ப எடுத்த?”

“சவுக்குத் தோப்புல வாயத் தொறந்து தூங்கறப்ப. பிளாஸ்டிக் சேர்ல லுங்கியால கட்டிக்கினு, பிளேன் பெல்ட்டு போட்டுப் பழகறப்ப.”

“இன்னும்?”

“பதினேழாவது படத்துல... டூத் பிரஷ்ஷால மீசைக்கு டை அடிக்கறப்ப.”

மாமாவின் கை மீசையை மூடியது. அந்த மீசை இயற்கையாகவே கருப்பு என்று தெருவே நம்புவதாக அவர் நம்பிக்கொண்டிருந்தார்.

“மேடம்,” என்றார், “அத்த மிஷின்ல ஏத்துங்க. ஒரு தபா பத்தாது, நாலு தபா ஏத்துங்க!”

துப்பாக்கிக்காரர்களில் ஒருவருக்குத் தமிழ் தெரியும் போல. திரும்பி நின்று தோள் குலுங்கச் சிரித்தார். அதிகாரி சிரிக்கவில்லை. மீசையைக் கூர்ந்து பார்த்தார்.

“டையா சார்? தெரியவே இல்ல.”

மாமாவின் கை மெதுவாகக் கீழே இறங்கியது. “நெசமாவா மேடம்?”

“சத்தியமா.”

அதற்குள் அதிகாரி சுருளை ஒரு துணித் துண்டால் துடைத்து, வெடிமருந்து ஒட்டியிருக்கிறதா என்று அந்தத் துணியைச் சின்ன மிஷினில் வைத்துப் பார்த்துவிட்டு, சுருளை என் கையில் கொடுத்துவிட்டார். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. கடிதத்தில் சொன்னபடி முதலிலேயே கேட்டிருக்கலாம்.

ஓடிப்போய் ஏறினோம். மாமா என்னோடு பேசவில்லை. பெல்ட்டை மட்டும் முதல் ஆளாக மாட்டிக்கொண்டு, பக்கத்து சீட்டுக்காரருக்கும் மாட்டிவிட்டார்.

மும்பையில் சுருளைக் கழுவினார்கள். வெளிச்ச மேஜையில் நெகட்டிவை விரித்ததும் மாமா எல்லாரையும் விலக்கிக்கொண்டு முன்னால் வந்தார். பூதக்கண்ணாடி வாங்கி ஒவ்வொரு படமாகப் பார்த்தார். வெல்டிங் பார்க்கிற அதே பார்வை. “புக இல்ல. கோடு இல்ல.” பதினேழில் நின்றார். நெகட்டிவில் கருப்பெல்லாம் வெளுப்பாக இருக்கும் என்பது அவருக்குத் தெரியாததல்ல. இருந்தாலும் பெருமூச்சு விட்டார்.

“இவ்ளோ டை அடிச்சும் வெள்ளையா கீது பாரு.”

பிறகு நிமிர்ந்து, “அக்செப்டட்,” என்றார்.

பத்துப் பேர் பட்டியலில் நான் ஒன்பதாவது. இதை மும்பை ஹாஸ்டலிலிருந்துதான் எழுதுகிறேன்.

ஒரு பிரச்சினை மட்டும் பாக்கி. அந்த டிபன் டப்பா அத்தையுடையது. மாமா கேட்காமல் எடுத்திருக்கிறார். அத்தை தினமும் என் டப்பா எங்கே என்று கேட்க, மாமா தோசையில் ஓட்டை எண்ணாமல் சாப்பிட்டுவிட்டு எழுந்து போகிறாராம். பிலிமோடு விமானம் ஏறுகிற யாரைத் தெரிந்தாலும் இந்தக் கதையைச் சொல்லுங்கள். மீனம்பாக்கத்தில் வேலை செய்பவர்களைத் தெரிந்தால் கட்டாயம் சொல்லுங்கள். டப்பா மட்டும் திரும்பி வரட்டும், ஈயம் அங்கேயே இருக்கட்டும். மூடியில் ஜாக்குலின் என்று பெயர் வெட்டியிருக்கும்.