ஜட்ஜ் ஐயா என்னைக் கேட்டார்

என் வலது கையை உடைச்சது வெளி ஆள் இல்லைம்மா. என் தங்கச்சி வள்ளியோட புருஷன்தான்.

எழுபத்தி மூணாம் வருஷம், ஆடி மாசம். பெரிய காஞ்சிபுரத்துல எங்க தெருவுலயேதான் அவ வீடு. அலறல் கேட்டு ஓடினேன். மாப்பிள்ளை சாராயம் குடிச்சிட்டு, கட்டையை ஓங்கிக்கினு நின்னார். குறுக்கே போய் வள்ளியைக் கட்டிக்கிட்டேன். அடி என் கையில விழுந்தது.

கட்டுப் பிரிச்சப்புறம் விரல் மடங்கலை. தறியில குறுக்கு நூல் போற நாடாவை ஓட்டுற கை. சோறு பிசையக்கூட முடியாம அழுதேன்.

கேஸ் ஆயிடுச்சு. சொந்தக்காரங்க எல்லாம் வந்து, "மன்னிச்சிட்டேன்னு ஒரு வார்த்தை சொல்லும்மா. தங்கச்சி வாழ்க்கையை நீயே கெடுக்காதே"ன்னாங்க. வள்ளி என்கிட்ட பேசறதையே நிறுத்திட்டா. அம்மா அப்பா போனப்புறம் நான் தூக்கி வளர்த்த பொண்ணு அவ. கையை விட அதுதான் வலிச்சுது.

காமாட்சி சன்னதியில போய் நின்னேன். "தாயே, பொய் சொல்லவும் முடியலை, அவளை இழக்கவும் முடியலை. எனக்கு வாயைக் கொடு. அவளை மட்டும் எடுத்துடாதே"ன்னு வேண்டினேன்.

கோர்ட்டுல குற்றம்னு தீர்ப்பாச்சு. "முதல் தடவைங்க, எச்சரிச்சு விட்டுடுங்க"ன்னார் மாப்பிள்ளையோட வக்கீல். ஜட்ஜ் ஐயா என் பக்கம் திரும்பினார்.

"அடி வாங்கினது நீங்க. நீங்க என்னம்மா சொல்றீங்க?"

அதுவரைக்கும் என்னை யாரும் அப்படிக் கேட்டதே இல்லை. மனசுக்குள்ள "காமாட்சி அம்மா"ன்னேன். வார்த்தை தானா வந்தது.

"ஐயா, கோவம் இல்லைன்னா பொய். ஆனா கைக்காகப் பேசலைங்க. இன்னிக்கே இவரை வீட்டுக்கு அனுப்பினா, என் தங்கச்சிதான் அடி வாங்குவா. குறுக்கே நீட்ட எனக்கு இன்னும் ஒரு கைதான் இருக்குது. அவ பயமில்லாம தூங்க கொஞ்ச நாள் கொடுங்க."

ஜட்ஜ் ஐயா ஒரு வருஷம் ஜெயில்னார். "இந்தம்மா சொன்னதை யோசிச்சுத்தான் கொடுக்கறேன்"னும் சொன்னார்.

வள்ளி திரும்பிப் பார்க்காம போயிட்டா. வீட்டுக்கு வந்து அம்மன் படத்துகிட்டயே சண்டை போட்டேன். "வாயைக் கொடுத்துட்டு அவளை எடுத்துக்கிட்டியே!"

அடுத்த வெள்ளிக்கிழமை காலையில, இடது கையால தலை வாரத் தெரியாம மல்லுக்கட்டிக்கினு இருந்தேன். பின்னாலேர்ந்து யாரோ சீப்பை வாங்கினாங்க. வள்ளி.

"சும்மா உட்காருக்கா. நான் பின்னி விடறேன்."

பாதி பின்னல்ல அவ கை நின்னுது. "கல்யாணமானதிலேர்ந்து இப்பத்தான்க்கா விடியிற வரைக்கும் தூங்கறேன்"னா. திரும்பி அவளைக் கட்டிக்கிட்டேன். பின்னல் அவிழ்ந்தே போச்சு. ரெண்டு பேரும் அழுதோம், அப்புறம் சிரிச்சோம்.

அன்னிலேர்ந்து வள்ளி என்கூடவே இருந்துட்டா. மாப்பிள்ளை ஜெயில்லேர்ந்து வெளியே வந்ததும் என் வீட்டு வாசல்ல நின்னு அவளைக் கூப்பிட்டார். நான் உள்ளேயே இருந்தேன். வள்ளியே போய், "நான் வரலை. நீங்க நல்லா இருங்க"ன்னு சொல்லிட்டு வந்தா. குரல் நடுங்கலை.

என் விரல் இன்னும் மடங்கலைம்மா. அதையும் வேண்டினேன், கிடைக்கலை. ஆனா இப்ப அவ நெய்யறா, நான் இடது கையால நூல் சுத்தித் தர்றேன். மத்தியானம் ஒரே தட்டுல சாப்பிடறோம்.

உண்மையைச் சொன்னா உறவு போயிடுமேன்னு பயந்துக்கினு இருக்கிற பொண்ணு இங்க யாராவது இருந்தா, காமாட்சி அம்மாகிட்ட போய் நில்லும்மா. என்ன சொல்லணும்னு தெரியாமத்தான் நானும் நின்னேன். அவ என்னைக் கைவிடலை. உன்னையும் விடமாட்டா.